வீடு திருத்த வருபவரிடம் பதிவு இலக்கம் கேட்கிறோமா?

கொம்பனித்தெருவில் நான் வாடகைக்கு இருக்கும் ஒழுங்கையைச் சுற்றி வானளாவிய கட்டடங்கள் எழுந்துவிட்டன. அவை கட்டப்பட்ட காலத்தில் ஒவ்வொரு வேலியிலும் ஒரு பெரிய பலகை தொங்கும். உரிமையாளர் யார், ஆலோசகர் யார், ஒப்பந்தக்காரர் யார் என்று அதில் எழுதியிருக்கும். அதே ஒழுங்கைக்குள் கூரைத் தகடு மாற்றவோ குளியலறைக்கு டைல்ஸ் பதிக்கவோ வருபவரிடம் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் தவிர நாங்கள் எதையும் கேட்பதில்லை. தெரிந்தவர் ஒருவர் அனுப்பி வைப்பார், முற்பணம் கைமாறும், வேலை தொடங்கும்.

போரில் இடிந்த வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடிக்கும் வன்னிக் குடும்பங்களின் நிலையும் இதுதான். பரந்தனில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வீட்டோடு ஓர் அறையும் குளியலறையும் கட்டுவதற்காகக் கனடாவில் இருக்கும் மகன் பணம் அனுப்பினார். கொந்தராத்து எடுத்தவர் பாதிக்கு மேற்பட்ட தொகையை முதலிலேயே வாங்கிக்கொண்டார். சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்ததும் ஆள் வரவில்லை. பணம் மகனிடமிருந்து நேரே அவருடைய கணக்குக்குப் போயிருந்தது. பெரியம்மாவின் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. பொலிஸில் முறையிடப் போனபோது, இது சிவில் பிரச்சினை, வழக்குப் போடுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இப்படியானவர்களைப் பதிவு செய்ய நாட்டில் சட்டமே இல்லையா என்று பலர் கேட்கிறார்கள். சட்டம் இருக்கிறது. ஆனால் அது எங்கள் வீட்டு வாசல் வரை வந்து சேரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் கட்டட ஒப்பந்தக்காரர்களைப் பதிவு செய்யும் நிறுவனம் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை. சுருக்கமாக ‘சீடா’ என்பார்கள். முன்பு ‘இக்டாட்’ என்ற பெயரில் இயங்கிய நிறுவனமே 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அதிகாரசபையானது. கொழும்பு 7, விஜேராம மாவத்தையில் உள்ள ‘சவ்சிரிபாய’ கட்டடத்தில் இதன் தலைமையகம் இருக்கிறது.

பதிவு செய்யும் ஒப்பந்தக்காரருக்கு ஒரு தரம் வழங்கப்படும். கட்டட வேலையில் சிஎஸ்2, சிஎஸ்1 என்பவை மிக உயர்ந்த தரங்கள். அவற்றுக்குக் கீழே சி1 முதல் சி9 வரை இறங்கிவரும். ஒவ்வொரு தரத்துக்கும் எவ்வளவு பெறுமதியான வேலை வரை எடுக்கலாம் என்ற உச்சவரம்பு உண்டு. நிதிநிலை, முன் அனுபவம், தொழில்நுட்ப ஆளணி, உபகரணங்கள் ஆகியவற்றைப் பார்த்தே தரம் தீர்மானிக்கப்படுகிறது. பதிவுக்குக் காலாவதித் திகதியும் உண்டு, அதற்குள் புதுப்பிக்க வேண்டும்.

நடைமுறையில் இந்தப் பதிவு பெரும்பாலும் அரசாங்கக் கேள்விப்பத்திரங்களுக்கே பயன்படுகிறது. பாடசாலைக் கட்டடமோ வீதியோ கட்ட வேண்டுமானால் உரிய தரம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. தனியார் ஒருவரின் அறைக்குச் சுவர் கட்டுபவரிடம் அதைக் கேட்க யாருமில்லை. வீட்டுக்காரர் கேட்டால்தான் உண்டு.

போருக்குப் பிறகு எல்லோரும் கட்டுநர்கள்

எங்கள் மக்களுக்கு இது ஏன் முக்கியம்? 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் 50,000 வீடுகளில் பெரும்பாலானவை வடக்குக் கிழக்குக்கு வந்தன. அங்கு அவை ‘உரிமையாளரே கட்டும்’ முறையில் அமைந்தன. ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா, அதுவும் தவணை தவணையாக. மேசனைப் பிடிப்பது, சீமெந்து வாங்குவது, கூலி பேசுவது எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. கணவரை இழந்த பெண்கள், வயோதிபர்கள், காயப்பட்டவர்கள் ஒரே நாளில் கட்டட முதலாளிகள் ஆனார்கள்.

அந்தத் திட்டத்தில் மனதில் வைத்திருக்க வேண்டிய ஒரு பாடம் இருக்கிறது. அத்திவாரம் முடிந்து அதைப் பார்வையிட்ட பிறகே அடுத்த தவணை வங்கிக்கு வரும். வேலை முன்னே, பணம் பின்னே. இப்போது வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் திருத்த வேலைகளில் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிட்டது.

மேசனுக்கும் பதிவு உண்டு

எங்கள் ஊர்களில் வேலை செய்பவர்களில் அதிகமானோர் ஒப்பந்த நிறுவனம் நடத்துபவர்கள் அல்லர். தனியாக வரும் மேசன், தச்சர், குழாய் பொருத்துபவர், மின்னிணைப்பாளர் போன்றவர்கள். 2014 ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களையும் கைவினைஞர்களாகப் பதிவு செய்ய இடம் தருகிறது.

அதற்கு உதவுவது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ. பாடசாலைக் கல்வியைப் போரால் இழந்து, தகப்பனிடமோ வேலைத்தளத்திலோ தொழில் பழகியவர்கள் வகுப்புக்குப் போகாமலே இதைப் பெற வழியுண்டு. முன் கற்றலை அங்கீகரிக்கும் முறை என்று அதைச் சொல்வார்கள். செய்த வேலைகளின் படங்களையும் அத்தாட்சிகளையும் காட்டி, மதிப்பீட்டாளர் முன் வேலை செய்து காட்ட வேண்டும். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, தொழிற்பயிற்சி அதிகாரசபை ஆகியவற்றின் மாவட்ட அலுவலகங்களில் விசாரிக்கலாம். வெளிநாட்டு வேலைக்குப் போவதற்கும் இந்தச் சான்றிதழ் கைகொடுக்கும்.

கதவைத் தட்டும் விற்பனையாளர்

கொழும்புத் தொடர்மாடிகளில் இன்னொரு வகையினரையும் சந்திக்கலாம். நீர்வடிகட்டி, சமையலறை அலுமாரி, நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு, சூரிய மின்தகடு என்று படம் போட்ட புத்தகத்தோடு வருபவர்கள். அவர்கள் தரும் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வந்தவர் நிறுவனத்தின் ஊழியரா, தரகுக்கு ஆள் பிடிப்பவரா என்பதும் தெரியாது.

வீட்டுத் திருத்த வேலைகளுக்கு ஆள் பிடிக்கும் விற்பனையாளருக்கென்று தனியான பதிவு முறை இங்கே இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒப்பந்தக்காரரும் பதிய வேண்டும், அவருக்காக வீடு வீடாகச் செல்லும் விற்பனையாளரும் பதிய வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதும், அதில் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் இருப்பதும் கட்டாயம். கையெழுத்திட்ட பிறகு மூன்று வேலை நாட்களுக்குள் அதை ரத்துச் செய்யலாம். பதிவு பெற்ற ஒப்பந்தக்காரரால் நட்டப்பட்டவருக்கு உதவ ஒரு நிதியமும் இருக்கிறது. மேரிலாந்து மாநிலத்தில் மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முற்பணம் வாங்கவே முடியாது.

இங்கே சூரிய மின்தகடு பொருத்தும் நிறுவனங்களை நிலைபெறுதகு வலுசக்தி அதிகாரசபை பதிவு செய்கிறது. மற்ற வேலைகளுக்கு, அமெரிக்கச் சட்டம் கட்டாயப்படுத்துவதை நாங்களே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

முற்பணம் கொடுக்க முன்

1. நிறுவனம் என்றால் சீடா பதிவு இலக்கம், தரம், காலாவதித் திகதி ஆகியவற்றைக் கேளுங்கள். அதிகாரசபையின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். தனி மேசன் என்றால் அடையாள அட்டைப் பிரதியையும், இருந்தால் தொழில் சான்றிதழையும் வாங்குங்கள். கடைசியாகச் செய்த இரண்டு வீடுகளை நேரில் பாருங்கள்.

2. ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதுங்கள். என்ன வேலை, சீமெந்தும் கம்பியும் யார் பொறுப்பு, மொத்தத் தொகை, முடியும் திகதி, பிந்தினால் என்ன என்பவை இருக்கட்டும். இரண்டு பிரதி, இரண்டு சாட்சி. எழுத்து மூல ஒப்பந்தத்தை வைத்து 6 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். வாய்ப்பேச்சுக்கு 3 ஆண்டுகள்தான். இது 1871 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கும் கட்டளைச் சட்டம்.

3. பணத்தை வேலையின் கட்டங்களுக்கு ஏற்பக் கொடுங்கள். கடைசிப் பங்கை வேலை முடியும் வரை கையில் வைத்திருங்கள்.

4. வெளிநாட்டில் இருப்பவர்கள் பணத்தை ஒப்பந்தக்காரருக்கு நேரே அனுப்ப வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் உறவினரின் கணக்குக்கு அனுப்பினால், கொடுத்ததற்கான ஆதாரம் அவர் கையில் இருக்கும்.

5. சுவரை உடைப்பதற்கும் மேல் மாடி எழுப்புவதற்கும் முன் மாநகர சபை அல்லது பிரதேச சபையிடம் அனுமதி பற்றிக் கேளுங்கள். தொடர்மாடியில் முகாமைத்துவக் குழுவிடமும் கேளுங்கள். 2017 மே மாதம் வெள்ளவத்தையில் ஐந்து மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து பலர் காயமடைந்ததை மறக்க வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால்

முதலில் நின்றுபோன வேலையைத் திகதி தெரியப் படமெடுங்கள். வங்கிச் சீட்டுகள், தொலைபேசிச் செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். வேலையை முடிக்கும்படி பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பொருளிலோ சேவையிலோ குறையிருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். அவர்களின் அவசர இலக்கம் 1977. சிறிய தொகைப் பிணக்குகள் நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குச் செல்ல வேண்டும். அங்கே சட்டத்தரணி தேவையில்லை, தமிழிலேயே பேசலாம். வேலை செய்யும் எண்ணமே இல்லாமல் ஒருவர் பல வீடுகளில் முற்பணம் வாங்கியிருந்தால் அது வெறும் சிவில் பிரச்சினை அல்ல, ஏமாற்றுதல் என்ற குற்றம். பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து போனால் பொலிஸார் முறைப்பாட்டைத் தட்டிக்கழிப்பது கடினம்.

பெரியம்மா இப்போது மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பித்திருக்கிறார். மீதிச் சுவரை ஊர் மேசன் ஒருவர் கட்டுகிறார். அவரோடு ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்கிறது, பணம் மூன்று கட்டமாகப் போகிறது. எழுதக் கேட்டபோது அவர் கோபிக்கவில்லை என்றும், கூலி நிச்சயமாகக் கிடைக்கும் என்பதால் தனக்கும் இது நல்லது என்று சொன்னதாகவும் பெரியம்மா தொலைபேசியில் கூறினார்.