கிடங்கு விழுந்த வீதிகளில் சைக்கிள் ஓட்டம்: பிரித்தானியாவில் எம்மவர் அறிய வேண்டியவை

பிரித்தானியாவில் தை, மாசிக் குளிர் கழிந்ததும் வீதிகளின் உண்மையான முகம் தெரியத் தொடங்கும். ஈஸ்ட்ஹாம், ஹரோ, டூட்டிங், குரொய்டன் என்று எம்மவர் செறிந்து வாழும் இடங்களில் எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும் கிடங்குதான். காரில் போகிறவருக்கு அது ஒரு குலுக்கல். சைக்கிளில் போகிறவருக்கு அதுவே கை முறிவாகவும் தலைக்காயமாகவும் முடியலாம்.

இந்த வீதிகளில் எம்மவர் பலர் நாளாந்தம் சைக்கிள் ஓடுகிறார்கள். உணவு விநியோகம் செய்யும் மாணவர்கள், பேருந்துக்குக் காத்திராமல் அதிகாலை வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் என்று பலர். "ஊரில் சைக்கிளிலேயே வளர்ந்த எங்களுக்கு இங்கே யார் சொல்லித்தர வேண்டும்?" என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தொண்ணூறுகளில் எரிபொருள் தடைக்குள் யாழ்ப்பாணத்தைச் சைக்கிள்தான் சுமந்தது. விறகும் நோயாளியும் குடும்பமும் அதன் கரியரிலும் பாரிலும்தான் போயின. வீதிகளும் குன்றும் குழியுமாகத்தான் இருந்தன. ஆனால் அப்போது பின்னால் வந்த வாகனங்கள் மிகக் குறைவு. இங்கே கிடங்கைவிட ஆபத்தானது, கிடங்கைக் கண்டு திடீரென விலகும்போது பின்னால் வந்துகொண்டிருக்கும் வாகனம். ஊர்ப் பழக்கம் மட்டும் போதாது என்பதற்கு அதுவே காரணம்.

கிடங்கு எங்கே உருவாகிறது?

வீதியில் விழும் சிறு வெடிப்புகளுக்குள் மழைநீர் இறங்குகிறது. இரவில் அது உறைந்து பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருமன் கூடி, மேலிருக்கும் தாரைத் தள்ளுகிறது. பகலில் உருகியதும் அடியில் வெற்றிடம் மிஞ்சுகிறது. அதன்மேல் பேருந்தும் பாரவூர்தியும் ஏறி இறங்க, தார் உடைந்து விழுகிறது. உறைவதும் உருகுவதும் மாறிமாறி நடக்கும் மாதங்களில் நேற்று நன்றாக இருந்த வீதி இன்று உடைந்திருப்பது இதனால்தான்.

இதைப் புரிந்துகொண்டால் கிடங்கை எங்கே எதிர்பார்க்கலாம் என்பதும் தெரியும். தண்ணீர் ஓடிச் சேரும் வீதியோரம், வடிகால் மூடிகளைச் சுற்றிய பகுதி, கனரக வாகனங்கள் பிறேக் பிடிக்கும் பேருந்துத் தரிப்பிடங்களும் சந்திகளும், எரிவாயு, தண்ணீர்க் குழாய்களுக்காக வெட்டி மூடிய இடங்களின் விளிம்பு ஆகியவற்றில் எப்போதும் கவனம் தேவை.

ஓரத்தோடு ஒட்டி ஓட வேண்டாம்

எம்மவரில் பலர் கார்களுக்கு வழி விட வேண்டும் என்ற எண்ணத்தில் நடைபாதை விளிம்போடு ஒட்டி ஓடுகிறார்கள். கிடங்கும் வடிகாலும் உடைந்த கண்ணாடியும் அதிகம் கிடப்பது அந்த ஓரத்தில்தான். அங்கே ஓடுகிறவர் அடிக்கடி வெளியே வெட்டி வெளிக்கிட வேண்டியிருக்கும். பின்னால் வரும் சாரதி அதை எதிர்பார்க்கமாட்டார்.

2022 தை மாத இறுதியில் திருத்தப்பட்ட ஹைவே கோட் இதைத் தெளிவாகச் சொல்கிறது. வாகனம் குறைந்த வீதிகளிலும், வாகனங்கள் மெதுவாகச் செல்லும் இடங்களிலும், சந்திகளை நெருங்கும்போதும் சைக்கிளோட்டி தனது பாதையின் நடுவில் ஓடலாம். வேகமான வாகனங்கள் ஓடும் வீதிகளில் விளிம்பிலிருந்து குறைந்தது அரை மீற்றர் தள்ளி ஓட வேண்டும். மணிக்கு 30 மைல் வேகம் வரை செல்லும் சாரதி சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீற்றர் இடைவெளி விட வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஆகவே ஓரத்திலிருந்து தள்ளி ஓடுவது அடாவடித்தனம் அல்ல.

கிடங்கு எதிர்ப்படும்போது

முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடினால் கிடங்கு தெரியும்போது நேரம் கடந்திருக்கும். பத்துப் பதினைந்து மீற்றர் முன்னால் பார்த்து ஓடப் பழக வேண்டும். கிடங்கு தெரிந்தால் முதலில் வலது தோளுக்கு மேலால் பின்னே பாருங்கள். வழி இருந்தால் கை காட்டி, படிப்படியாக விலகுங்கள். கண் கிடங்கிலேயே நிலைத்தால் சைக்கிளும் அங்கேதான் போகும். போக வேண்டிய பாதையைப் பாருங்கள்.

பின்னால் வாகனம் வருகிறது, விலக முடியாது என்றால் கிடங்கைக் கடப்பதே பாதுகாப்பு. கிடங்குக்கு முன்னரே பிறேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். கிடங்குக்குள் இறங்கும்போது பிறேக்கை விட்டுவிடுங்கள். இறுகிய முன்சக்கரம் கிடங்கின் விளிம்பில் ஏறாது, ஆளைத் தூக்கி எறியும். இரண்டு மிதிகளையும் சம உயரத்தில் வைத்து, இருக்கையிலிருந்து சற்று எழுந்து, முழங்கையையும் முழங்காலையும் மடித்து வையுங்கள். ஹாண்டிலை உறுதியாகப் பிடியுங்கள், ஆனால் கைகளை விறைப்பாக்க வேண்டாம்.

மழை நாளில் தேங்கி நிற்கும் தண்ணீரின் அடியில் கிடங்கு இருக்கிறது என்றே எண்ணுங்கள். ஈரமான இரும்பு மூடி, வெள்ளைக் கோடு, இலையுதிர்காலச் சருகு மூன்றும் வழுக்கும். அவற்றின் மேல் திரும்பவோ பிறேக் பிடிக்கவோ கூடாது. குரொய்டனில் ட்ராம் தண்டவாளத்தைக் குறுக்காக, இயன்றவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் சக்கரம் பள்ளத்துக்குள் சிக்கிவிடும்.

சைக்கிளைத் தயார்படுத்தல்

உடைந்த வீதிக்கு மெல்லிய பந்தயச் சைக்கிள் ரயர் உகந்ததல்ல. உங்கள் சைக்கிளில் இடமிருந்தால் 35 முதல் 40 மில்லிமீற்றர் அகலமான ரயர் போடுங்கள். ரயரின் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் காற்றழுத்த எல்லைக்குள் நிற்பது முக்கியம். காற்றுக் குறைந்தால் கிடங்கு விளிம்பில் ரியூப் நசிந்து இரண்டு ஓட்டை விழும். அளவுக்கு மீறி அடித்தால் சக்கரம் துள்ளும்.

சூரிய அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் இடையில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் சட்டப்படி கட்டாயம். பிறர் உங்களைக் காண ஒரு சிறு விளக்குப் போதும். நீங்கள் கிடங்கைக் காண வீதியில் ஒளி படும் விளக்குத் தேவை. தலைக்கவசம் இங்கே சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும் அணியுங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட தலைக்கவசத்தை வெளியில் சேதம் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். ஊரில்போல "டபிள்ஸ்" ஏற்றுவது, அதற்கென அமைக்கப்படாத சைக்கிளில், இங்கே சட்டவிரோதம்.

முறையிடுங்கள்

எம்மவர் பெரும்பாலும் செய்யத் தவறுவது இதைத்தான். "சொல்லி என்ன பிரயோசனம்?" என்பது நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த எண்ணம். இங்கே முறைப்பாட்டுக்குச் சட்டப் பெறுமதி உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1980 ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 41 ஆம் பிரிவு வீதியைப் பராமரிக்கும் கடமையை அதிகாரசபைமேல் சுமத்துகிறது. ஆனால் 58 ஆம் பிரிவின்படி, பாதுகாப்புக்கு நியாயமாக வேண்டியதைச் செய்தோம் என்று நிரூபித்து அது நட்டஈட்டிலிருந்து தப்பலாம். ஒழுங்காகப் பரிசோதித்தோம், கிடங்கு இருப்பது தெரியாது என்பதே வழக்கமான பதில். யாராவது முன்னரே முறையிட்டிருந்தால் அந்தப் பதில் எளிதில் எடுபடாது. நீங்கள் இன்று அனுப்பும் முறைப்பாடு நாளை அதே இடத்தில் விழும் இன்னொருவருக்குச் சாட்சியாகும்.

லண்டனில் சிவப்புக் கோடு போட்ட பெருவீதிகள் லண்டன் போக்குவரத்துச் சபையின் பொறுப்பு. ஏனையவை பெரும்பாலும் உள்ளூர்க் கவுன்சிலின் பொறுப்பு. எது யாருடையது என்று தெரியாவிட்டால் "ஃபிக்ஸ் மை ஸ்ட்ரீட்" இணையத்தளத்தில் வரைபடத்தில் இடத்தைக் குறித்தால் போதும், உரிய இடத்துக்கு அது அனுப்பிவிடும். இதற்கு நல்ல ஆங்கிலம் தேவையில்லை. ஒரு படமும் இரண்டு வரியும் போதும். உங்கள் விசா நிலைமையை அங்கே கேட்பதில்லை.

விழுந்துவிட்டால் முதலில் வீதியிலிருந்து விலகுங்கள். தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ குழப்பமோ இருந்தால் 999 ஐ அழையுங்கள். பின்னர், ஆபத்தில்லாத நேரத்தில், கிடங்கைப் படமெடுங்கள். ஆழம் தெரிய ஓர் அளவுகோலையோ நாணயத்தையோ பக்கத்தில் வையுங்கள். கண்டவர்களின் தொடர்பையும் மருத்துவப் பதிவையும் பற்றுச்சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள். காயத்துக்கான வழக்கைப் பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். அந்த வீதியின் பரிசோதனைப் பதிவுகளையும் முந்தைய முறைப்பாடுகளையும் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை சைக்கிளில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன் ஒரு ஞாயிறு காலையில் அந்தப் பாதையை அவரோடு சேர்ந்து ஓடிப் பாருங்கள். எந்த இடத்தில் கிடங்கு, எந்தச் சந்தியில் பின்னால் பார்க்க வேண்டும் என்று காட்டிக் கொடுங்கள். வீடு திரும்பியதும், கண்ட கிடங்குகளைப் பிள்ளையின் கையாலேயே முறையிடச் செய்யுங்கள். ஆங்கிலம் அவர்களுக்கு இலகு, வீதி அவர்களுடையதும்தான்.