குறை அடுப்புல இல்லை, புகைக்கூண்டுல



ஐப்பசி மழை நேரத்தில் ஒரு உறுப்பினர் வீட்டுக்குப் போயிருந்தேன். கேஸ் தீர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. பல மாதமாகத் தொடாமல் கிடந்த புகையில்லா அடுப்பைப் பற்ற வைத்திருந்தார்கள். வாசலில் நிற்கும்போதே கண் எரிந்தது. உள்ளே அந்த அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ஊதாங்குழலால் ஊதிக்கொண்டிருக்கிறார். அடுப்படிக்குப் பக்கத்து விட்டத்திலேயே தூளி. அதில் மகளுடைய ஐந்து மாதக் குழந்தை தூக்கத்திலேயே இருமிக்கொண்டிருந்தது. "புகையில்லா அடுப்புன்னு சொல்லிக் கட்டிக் கொடுத்தீங்க, பழைய அடுப்பே தேவலாம் போலிருக்கு மேடம். நாளைக்கு இதை இடிச்சுப் போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார்.

முதலில் தூளியை அவிழ்த்துத் திண்ணைக்குக் கொண்டுபோனோம். பிறகு தண்ணீர் தெளித்து அடுப்பை அணைத்தோம். அடுப்பும் குழாயும் நன்றாக ஆறிய பிறகு, குழாயின் அடியில் உள்ள கதவுக் கல்லை எடுத்துவிட்டு ஒரு மூங்கிலை மேலே விட்டுக் குத்தினோம். காய்ந்த தேங்காய் நார், பஞ்சு, துணிக் கிழிசல் எல்லாம் சேர்ந்து ஒரு பந்து போல விழுந்தது. அணில் கூடு! அதற்குப் பின்னாலேயே அரை முறம் கரி. மறுபடி பற்ற வைத்ததும் புகை குழாய் வழியாகப் போய்விட்டது. அடுப்பில் ஒரு குறையும் இல்லை.

குறை எங்கள் பக்கமும் இருக்கிறது. அந்த ஊரில் அடுப்பு கட்டிக் கொடுத்தபோது ஒரு மதியம் முழுக்கப் பயிற்சி நடந்தது. மண் பிசைவது, அச்சு வைப்பது, கட்டி முடித்துப் போட்டோ எடுப்பது என்றே நேரம் போய்விட்டது. குழாயை எப்படிச் சுத்தம் செய்வது என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. நாடு முழுக்க 1980களில் தொடங்கி 2002 வரை அரசுத் திட்டத்தில் புகையில்லா அடுப்புகள் கோடிக்கணக்கில் கட்டப்பட்டன. அதில் ஏராளமானவை சில வருடத்திலேயே இடிந்தோ, அடைத்தோ, சாமான் வைக்கும் மேடையாகவோ போய்விட்டன. ஒடிசா கிராமங்களில் ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்ற மூன்று ஆய்வாளர்கள், புகைக்கூண்டு வைத்த மண் அடுப்பு கொடுத்த வீடுகளை நாலு வருடம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். (டுஃப்ளோ 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்.) முதல் வருடம் பெண்கள் சுவாசிக்கிற புகை குறைந்தது. அதற்குப் பிறகு, அடுப்பு வாங்கிய வீட்டுக்கும் வாங்காத வீட்டுக்கும் வித்தியாசமே இல்லை. காரணம் என்ன? ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பழுது பார்க்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு அந்த அணில் கூடுதான் ஞாபகம் வந்தது.

புகை ஏன் குழாய்க்குள் போகிறது?

சூடான காற்று லேசானது, மேலே ஏறும். சூடு ஏறிய குழாய்க்குள் காற்று மேலே போகப் போக, அடியில் இருக்கிற புகையையும் சேர்த்து இழுக்கும். இதைத்தான் கொத்தனார்கள் 'இழுவை' என்கிறார்கள். நம் அடுப்பில் புகை நேராக மேலே போவதில்லை. முதல் வாயில் எரிகிற தீ, மண்ணுக்குள் இருக்கிற சுரங்கம் வழியாகக் குறுக்கே போய், இரண்டாவது பானையின் அடியைத் தடவிவிட்டு, அதற்கப்புறம்தான் குழாயில் ஏறுகிறது. இப்படிக் குறுக்கே போக வைப்பதே அந்த இழுவைதான். இழுவை குறைந்தால் புகை பக்கத்தில் இருக்கிற ஓட்டை வழியாக, அதாவது உங்கள் முகத்துக்கு நேராக, வந்துவிடும்.

அதனால் இரண்டாவது வாயைத் திறந்து போடாதீர்கள். ஒரு பானைதான் வைக்கிறோம் என்றால் அடுத்த வாயில் தண்ணீர்ச் சட்டியை வையுங்கள், இல்லாவிட்டால் மூடி போட்டு அடையுங்கள். பானையும் வாயும் பொருந்தவேண்டும். சின்னச் சட்டியை வைத்துக் கீழே மூணு ஓட்டாஞ்சில்லு முட்டுக் கொடுத்தால், அந்தச் சந்து வழியாக இழுவை எல்லாம் போய்விடும்.

குளிர் நாளிலும் மழை நாளிலும் குழாய் ஜில்லென்று இருக்கும். அப்போது எடுத்தவுடனே பெரிய விறகு வைத்தால் புகை திரும்பித்தான் வரும். கொஞ்சம் காய்ந்த பன்னாடையோ பழைய பேப்பரோ எடுத்து, குழாய்க்குப் பக்கத்து வாயில் போட்டு முதலில் கொளுத்துங்கள். குழாய் சூடானதும் வாயை மூடிவிட்டு முன் அடுப்பைப் பற்ற வையுங்கள். ரெண்டு நிமிஷ வேலைதான்.

இன்னொன்று. புகை வெளியே போகவேண்டுமானால் அந்த அளவுக்குக் காற்று உள்ளே வரவேண்டும். மழைச் சாரல் அடிக்கிறது என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டுச் சமைத்தால் எவ்வளவு நல்ல கூண்டும் இழுக்காது.

பட்டணத்து வீடுகளில் வேலைக்குப் போகிற சகோதரிகள் சிலர், அடுப்பு மேடையோடு பதித்து, புகையைக் கீழ்ப்பக்கமாக இழுக்கிற மின்சாரக் கருவியைப் பார்த்திருக்கலாம். மேலே போகத் துடிக்கிற புகையைக் கீழே இழுக்க அதற்கு மோட்டார் விசிறி வேண்டியிருக்கிறது. அதிலும் எண்ணெய்ப் பிசுக்கு வலையை அடைத்துவிட்டால் அவ்வளவுதான், இழுக்காது. கரண்டை நிறுத்திவிட்டு, வலையைக் கழற்றிச் சூடு தண்ணீரிலும் சோப்புத் தூளிலும் ஊறவைத்துக் கழுவிக் காயவைத்து மாட்டவேண்டும். நமக்கு மோட்டார் செலவு இல்லை, ஆனால் கழுவுகிற வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அரை அங்குலக் கரி

"கொஞ்சூண்டு கரிதானே" என்று நினைக்கவேண்டாம். ஒரு கணக்குப் போடுவோம். குழாயின் உள்வாய் 3 அங்குலம் என்று வையுங்கள். சுற்றிலும் அரை அங்குலம் கரி படிந்தால் வாய் 2 அங்குலமாகிவிடும். மூணுல ஒண்ணுதானே போச்சு என்று தோன்றும். ஆனால் புகை போகிற வழியை 3 பெருக்கல் 3, 2 பெருக்கல் 2 என்று பார்க்கவேண்டும். ஒன்பது பங்கு வழி நாலு பங்காகிவிட்டது. பாதிக்கும் குறைவு! மீதிப் புகை வீட்டுக்குள்தான்.

ஈர விறகு எரித்தால் இந்தக் கரி வேகமாகப் படியும். பிசின் போல ஒட்டிக்கொண்டு குத்தினாலும் உதிராது. வேலிக்கருவை முள் என்றாலும் தென்னை மட்டை என்றாலும், வெட்டி, பிளந்து, மழை படாத இடத்தில் அடுக்கிக் காயவிட்டு எரியுங்கள். அந்தப் பிசின் கரியில் தீப்பொறி பட்டால் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். கூரை வீட்டுக்காரர்கள் இதை ரொம்பக் கவனிக்கவேண்டும். குழாய் ஓலையைத் தொடக்கூடாது. சுற்றிலும் இடைவெளி விட்டுத் தகரம் வைத்திருக்கவேண்டும். கரியை எரித்தே சுத்தம் செய்கிறேன் என்று சிலர் குழாய்க்குள் மண்ணெண்ணெய்த் துணியைக் கொளுத்திப் போடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

எப்போது, எப்படிச் சுத்தம் செய்வது?

சாம்பலைத் தினமும் காலையில் அள்ளிவிடுகிறோம், அதில் பிரச்சினை இல்லை. மறந்துபோவது சுரங்கம். வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை மெழுகுவதற்கு முன்னால், இரண்டாவது வாய் வழியாக ஒரு வளைந்த கரண்டியை விட்டுச் சுரங்கத்துச் சாம்பலை இழுத்துவிடுங்கள்.

மெழுகுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. விரிசலை அடைக்க மண்ணும் சாணியும் நெல் உமியும் கலந்து பூசுவது நல்லதுதான். ஆனால் வாராவாரம் வாய்க்குள்ளேயும் சேர்த்துப் பூசிப் பூசி, ஒரு வருடத்தில் வாய் சின்னதாகிவிடுகிறது. விறகு நுழைகிற வாசலும் குறுகிவிடுகிறது. அழகாக மெழுகி வைத்திருக்கிற வீட்டில்தான் இந்தத் தொந்தரவை அதிகம் பார்க்கிறேன்! அடுப்பு புதிதாக இருக்கும்போதே ஒவ்வொரு வாய்க்கும் சரியாக ஒரு குச்சி வெட்டி எரவாணத்தில் செருகி வையுங்கள். மெழுகி முடித்ததும் குச்சியை வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் சுரண்டிவிடுங்கள்.

குழாயை மாதம் ஒரு முறை, அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. அடுப்பு நன்றாக ஆறியிருக்கவேண்டும். தானியம், பானை எல்லாவற்றையும் மூடிவிட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள். நீள மூங்கில் நுனியில் பழைய சாக்கையோ தேங்காய் நாரையோ குழாய் அளவுக்குச் சுற்றிக் கட்டி, அடிக் கதவு வழியாக மேலும் கீழும் நாலைந்து முறை இழுங்கள். கொட்டுகிற கரியில் தண்ணீர் தெளித்து அள்ளிக் குழியில் போட்டு மூடுங்கள். பல் விளக்குவதற்கு எடுத்து வைக்கிற பழக்கம் சில வீட்டில் இருக்கிறது. இந்தக் கரி வாய்க்குள் போகவே கூடாது. கதவுக் கல்லைத் திரும்ப வைத்து மண் பூசிச் சந்தை அடைத்துவிடுங்கள்.

அடியிலிருந்தே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓட்டு மேலேயும் சிமெண்ட் ஷீட் மேலேயும் ஏறினால் உடைந்து விழுந்துவிடுவோம். மேலே கரண்டுக் கம்பி போகிற வீடுகளும் உண்டு. தொப்பி காற்றில் பறந்துபோய்விட்டால் ஏணி வைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள, வீட்டு ஆண்களை மாற்றச் சொல்லுங்கள். சமையல் அவர்களுக்கும் சேர்த்துத்தானே! தொப்பி இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் இறங்கிக் கரியை ஊறவைத்துவிடும். பலமான காற்றும் புகையைக் கீழே அமுக்கும். குழாய் கூரை முகட்டைவிடத் தாழ்வாக இருக்கிற வீடுகளிலும் இதே தொல்லைதான். அங்கே குழாயை முகட்டுக்கு மேல் வருகிற மாதிரி உயர்த்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

பழைய சிமெண்ட் குழாய் வைத்திருப்பவர்கள் கவனிக்க. அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. அதை அறுக்கவோ, துளை போடவோ, உடைத்துப் பொடியாக்கவோ கூடாது. உள்ளே இழுக்கும்போதும் கம்பி பிரஷ் வேண்டாம், தண்ணீரில் நனைத்த சாக்கே போதும். விரிசல் விட்ட குழாயை நனைத்து, முழுசாக எடுத்து அப்புறப்படுத்திவிட்டுத் தகரக் குழாய்க்கு மாறுங்கள்.

கேஸ் இருக்கிறதே, எதற்கு இதெல்லாம்?

இந்தக் கேள்வியை எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறார்கள். கேஸ்தான் சிறந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கூண்டு வைத்த விறகு அடுப்பு அதற்கு ஈடாகாது. குழாய் வழியாகப் போன புகையும் தெருவில்தான் சுற்றுகிறது. ஆனால் நாம் நிஜத்தைப் பேசுவோம். உஜ்வாலா திட்டம் 2016இல் வந்தது, பல உறுப்பினர்களுக்கு இணைப்பும் கிடைத்தது. இருந்தாலும் 14.2 கிலோ சிலிண்டரை எத்தனை நாள் இழுத்துப் பிடிப்பது என்ற கணக்கு எல்லா வீட்டிலும் ஓடுகிறது. வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, நெல் அவிக்க, விசேஷ நாள் சமையல் என்று விறகு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. வெந்நீரையும் நெல்லையும் வெளியே திறந்த இடத்தில் வைத்துவிடுங்கள். வீட்டுக்குள் செய்கிற சமையலுக்குக் கேஸை ஒதுக்குங்கள், முக்கியமாகக் கைக்குழந்தையும் கர்ப்பிணியும் இருக்கிற வீட்டில்.

வீட்டுக்குள் சமையல் புகையால் 2020இல் உலகம் முழுக்கச் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். புகையில் இருக்கிற நுண்தூசி நம் தலைமுடிக் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால் நுரையீரல் அடி வரைக்கும் போய்விடுகிறது. குழந்தைக்கு நிமோனியா, பெரியவர்களுக்குத் தீராத இருமல், இளைப்பு, கண்புரை என்று வருகிறது. "எங்க அம்மா காலத்துல இருந்து ஊதிக்கிட்டுத்தானே இருக்கோம்" என்பார்கள். அம்மாவுக்கு இளைப்பு எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் பதில் வராது.

எப்போதாவது மட்டும் விறகு அடுப்பு எரிக்கிற வீட்டில்தான் ஆபத்து கூடுதல். சும்மா கிடக்கிற குழாயில் அணில், குருவி, குளவி எல்லாம் குடியேறிவிடும். சிலிண்டர் தீர்ந்த அன்று அவசரத்தில் பார்க்கமாட்டோம். பல நாள் கழித்துப் பற்ற வைப்பதானால் முதலில் மூங்கிலை விட்டுப் பாருங்கள். தணலை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவும் கூடாது. தணலிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

அந்த அக்கா அடுப்பை இடிக்கவில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில், நீள மூங்கில் ஒன்று வாங்கிச் சாக்கு கட்டிப் பொதுவில் வைப்பது என்று தீர்மானம் போட்டார்கள். இப்போது அது ஊக்குநர் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. எடுத்துப் போகிறவர் வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி எழுதிவிட்டு எடுத்துப் போகவேண்டும், மறுநாள் கரியைத் தட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைக்கவேண்டும். உங்கள் குழுவிலும் செய்ய விரும்பினால் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள், எப்படிக் கட்டுவது என்று நேரில் வந்து காட்டுகிறேன்.