குழந்தை கடல் கடக்கும் முன்

கார்த்திகை தீபத் திருவிழா நாட்களில் திருவண்ணாமலை மாட வீதிகளில் கரும்புத் தொட்டில்கள் வரும். தோகையோடு நெடிய கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் சேலையைத் தூளியாகத் தொங்கவிட்டு, உள்ளே குழந்தையைக் கிடத்தி, ஆளுக்கொரு முனையைத் தாங்கியபடி தாயும் தகப்பனும் நடப்பார்கள். பிள்ளை வரம் வேண்டிப் பெற்றவர்கள் செலுத்தும் நேர்த்திக்கடன் இது. வாரிசில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே பிள்ளையானார் என்பது இந்த ஊரின் ஐதிகம். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளி, சாமி அந்தத் தகப்பனுக்குத் திதி கொடுக்கிறார். வயிற்றில் பிறக்காத பிள்ளைக்கும் மகனுக்குரிய கடமையும் உரிமையும் உண்டு என்பது இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை.

இதே ஊரில், செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றிப் பல நாட்டுக்காரர்கள் தங்கியிருக்கிறார்கள். கிரிவலப் பாதையில் கையேந்தி நிற்கும் ஒரு பிள்ளையைப் பார்த்ததும் ‘இதை நாம் கூட்டிப்போய் வளர்த்தால் என்ன’ என்று அவர்களுக்குத் தோன்றுவது இயல்பு. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் குழந்தையில்லாமல் இருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கும் அப்படித்தான். ஆனால் சட்டம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. பார்த்துப் பிடித்துப்போன பிள்ளையை வழக்கறிஞர் எழுதிக்கொடுத்த பத்திரத்தோடு விமானம் ஏற்றிவிட முடியாது.

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி, கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட குழந்தை முதலில் மாவட்டக் குழந்தைகள் நலக்குழு முன்பு வந்தாக வேண்டும். பெற்றவளே ஒப்படைத்தால், குழுவின் முன்னிலையில் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அதன்பின் மனம் மாறித் திரும்பிவர அவளுக்கு இரண்டு மாதம் அவகாசம் உண்டு. கண்டெடுத்த குழந்தை என்றால் பெற்றோரைத் தேட வேண்டும். இரண்டு வயது வரை உள்ள குழந்தைக்கு இரண்டு மாதத்துக்குள்ளும், அதற்கு மேற்பட்ட வயதுக்கு நான்கு மாதத்துக்குள்ளும் முடிவு சொல்ல வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகே ‘சட்டப்படி தத்துக் கொடுக்கலாம்’ என்று குழு அறிவிக்கும். அப்போதும் முதல் உரிமை இந்தியாவில் வாழும் பெற்றோருக்கும் வெளிநாடுவாழ் இந்தியருக்கும்தான். 60 நாளில் அவர்களில் யாரும் அமையாவிட்டால்தான் அயல்நாட்டாருக்கு வழி திறக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் நாட்டின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் அல்லது அரசு அமைப்பு வழியாக, காரா எனப்படும் மத்திய தத்துவள ஆணையத்தில் பதிய வேண்டும். காராவின் தடையில்லாச் சான்று வந்த பிறகு, 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சியர். அதற்கு முன்பு அது நீதிமன்றத்தின் வேலையாக இருந்தது. குழந்தை போய்ச் சேர்ந்த பின்னும் இரண்டு ஆண்டுகள் அதன் நலம் பற்றிய அறிக்கைகள் வந்துகொண்டிருக்க வேண்டும்.

இத்தனை படிகள் எதற்கு? பதில் சென்னையிலேயே இருக்கிறது. 1990-களின் கடைசியில் நடைபாதையிலும் தெருவிலும் குழந்தைகளைத் திருடி, ‘தாய் ஒப்படைத்தாள்’ என்று போலிக் காகிதம் தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்பிய கும்பல் 2005-இல் பிடிபட்டது. குழந்தைகள் போனது உரிமம் பெற்றிருந்த மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற நிறுவனம் வழியாக என்பது விசாரணையில் தெரியவந்தது. தங்கள் மகன் என்று நம்பிய சிறுவனைத் தேடி ஒரு ஏழைத் தம்பதி நெதர்லாந்து நீதிமன்றம் வரை போனார்கள். மரபணுச் சோதனை வேண்டும் என்ற அவர்கள் கோரிக்கை அங்கே ஏற்கப்படவில்லை. வளர்த்தவர்களும் ஏமாற்றப்பட்டவர்களே, அந்தப் பையனுக்குத் தெரிந்த வீடும் அவர்கள் வீடுதான். களவு நடந்து பத்தாண்டு கழித்து யாருக்கு எந்த நியாயத்தை வழங்குவது?

விதி இல்லாமல் நடந்த குற்றம் இல்லை இது. வழக்கறிஞர் லட்சுமிகாந்த் பாண்டே 1982-இல் எழுதிய ஒரு கடிதத்தை மனுவாக ஏற்று, 1984-இல் நீதிபதி பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அயல்நாட்டுத் தத்துக்கான நெறிகளை விரிவாக வகுத்திருந்தது. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. காகிதமே பொய் என்பதை யாரும் சரிபார்க்கவில்லை. இலங்கையிலிருந்தும் 1980-களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். தாயாக நடிக்கக் கூலிக்குப் பெண்களைப் பிடித்துக் கையெழுத்து வாங்கியதெல்லாம் பின்னால் வெளியே வந்தது. நெதர்லாந்து 2024-இல் அயல்நாட்டுத் தத்தையே படிப்படியாக முடித்துவிட முடிவெடுத்தது. அதே ஆண்டு சீனாவும், உறவுமுறைத் தத்து தவிர மற்றதை நிறுத்திவிட்டது.

இந்தியா அப்படிக் கதவை மூட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நம்மூர்த் தம்பதிகள் கேட்பது பெரும்பாலும் நோய்நொடியில்லாத கைக்குழந்தை. உடற்குறையோடு பிறந்த பிள்ளை, பிரிக்கக் கூடாத அண்ணன் தங்கை, ஐந்து வயது தாண்டியவர்கள் ஆகியோர் காப்பகத்திலேயே வளர்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அயல்நாட்டுத் தத்தில் முன்னுரிமை தரலாம் என்று சட்டமே சொல்கிறது. அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்கு அறுவை சிகிச்சையும் அம்மாவும் ஒருசேரக் கிடைக்கும் இடம் எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தால், அங்கே போகட்டும். நம் மாநிலத்தில் அவர்களைத் தேடிவரும் பெற்றோர் குறைவாக இருப்பதுதான் எனக்கு வேதனை.

இன்னொன்று, பிள்ளை வளர்ந்தபின் வருவது. ‘நான் யார் வயிற்றில் பிறந்தேன்’ என்று தேடி வருபவர்களுக்குத் தத்தெடுப்பு விதிகளிலேயே இடம் இருக்கிறது. தேடுவதற்குக் கோப்பு இருக்க வேண்டும். வளர்க்க முடியாத குழந்தையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுச்செல்வதற்காக 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2011-க்குப் பிறகு பெண் குழந்தை விகிதம் குறைந்த மாவட்டங்களுக்கு விரிந்தபோது திருவண்ணாமலைக்கும் வந்தது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய திட்டம். ஆனால் பெயர் சொல்லாமல் விட்டுப்போன குழந்தைக்குப் பின்னாளில் புரட்டிப் பார்க்க ஒரு பக்கம்கூட இருக்காது. வளர்க்க வழியில்லாத தாய் குழந்தைகள் நலக்குழு முன்பு ஒப்படைத்தால் அவள் பெயர் ரகசியமாகக் காக்கப்படும், குழந்தையின் வரலாறும் பதிவாகும், மனம் மாறினால் திரும்பிவரவும் முடியும். கிராமச் செவிலியர்கள் இதை வீடுவீடாகச் சொல்ல வேண்டும்.

கேட்பாரற்ற குழந்தையை எங்கே கண்டாலும் 1098-ஐ அழைக்கலாம். எடுத்து வைத்துக்கொள்வதும், ‘நல்ல குடும்பம் இருக்கிறது’ என்று யாரிடமாவது கொடுப்பதும், கைமாறாகப் பணம் வாங்காவிட்டாலும் குற்றம். குழந்தையை 24 மணி நேரத்துக்குள் நலக்குழு முன்பு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.