தாம்பரம் புகட்டும் பாடம்

நம்பிக்கை வேறு, கைகட்டிக் காத்திருப்பது வேறு. இரண்டும் ஒன்றென்று மயங்குவோர் தாம்பரம் சானடோரியத்தின் சரித்திரத்தை அறிவாராக. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அதை ஸ்தாபித்தபோது, க்ஷயரோகக் கிருமியைக் கொல்லும் மருந்து உலகில் இல்லை. ஆயினும் தூய காற்று, புஷ்டியான ஆகாரம், ஓய்வு எனக் கிட்டியவற்றை ஒழுங்குபடுத்தி அவர் காரியத்தைத் தொடங்கினார்.

எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவும் பலர் அஞ்சிய 1990-களில், அவ்வாஸ்பத்திரி அவர்களை ஏற்றது. எய்ட்ஸுக்குரிய மருந்து அன்று ஏழைக்கு எட்டாக்கனி. ஆனால் அந்நோயாளிகளைப் பெரிதும் மாய்த்த க்ஷயத்துக்கு மருந்து இருந்ததல்லவா? தீரக்கூடியதை முதலில் எடுத்துக்கொண்டார்கள். 2004 ஏப்ரலில் சர்க்கார் இலவசமாக எய்ட்ஸ் மருந்து வழங்கத் தொடங்கிய முதல் எட்டு ஸ்தாபனங்களில் தாம்பரமும் ஒன்று.

தொழிலில் இடர் நேர்ந்தால் புலம்பற்க. அதைப் பகுத்துப் பாருங்கள். இன்று முடிவதை இன்றே முடியுங்கள். அதுவே நம்பிக்கை.