கொயர் நிகழ்ச்சிக்கு நண்பர்களை அழைக்கும்போது

ஒரு மருத்துவமனைக்கோ, ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்துக்கோ நிதி திரட்ட ஒரு கொயர் (சேர்ந்திசை) நிகழ்ச்சி. நீங்கள் அதில் பாடுகிறீர்கள், அல்லது நடத்தும் குழுவில் இருக்கிறீர்கள். ஆளுக்கு நாலு பேரையாவது கூட்டி வரவேண்டும் என்று பொறுப்பாளர் சொல்லிவிட்டார். உங்கள் செய்தியைப் படிக்கும் நண்பருக்குள் சில கேள்விகள் எழும். கூச்சத்தால் அவர் கேட்கமாட்டார். எவ்வளவு பணம் தரவேண்டியிருக்கும்? அது யாருக்குப் போகிறது? மேற்கத்திய இசை எனக்குப் புரியுமா? சர்ச்சில் நடக்கிறதே, நான் போகலாமா? எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம்? நல்ல அழைப்பு இவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் சொல்லிவிடும்.

இதற்கு எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த முன்மாதிரி, 1742-ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகரச் செய்தித்தாளில் வந்த ஒரு விளம்பரம். ஹாண்டல் இசையமைத்த ‘மேசியா’ என்ற பெரிய சேர்ந்திசைப் படைப்பு முதன்முதலாக அரங்கேறப்போகிறது. விளம்பரம் எடுத்த எடுப்பிலேயே பணம் எங்கே போகும் என்று சொல்லிவிடுகிறது: நகரச் சிறைகளில் இருக்கும் கைதிகளுக்கு, மெர்சர் மருத்துவமனைக்கு, ஏழைகளுக்கான இன்னொரு மருத்துவமனைக்கு. பிறகுதான் நாள், இடம், இசையமைப்பாளர் பெயர், டிக்கெட் விலை. விலை அரை கினி; அந்தக் காலத்துக்கு அது கொஞ்சமல்ல. ஆனால் டிக்கெட் வாங்கியவர்கள் ஒத்திகைக்கும் இலவசமாக வரலாம். பாடல் வரிகள் அச்சிட்ட புத்தகமும் ஆறு பென்னிக்குக் கிடைக்கும்.

நிகழ்ச்சி நெருங்கியதும் இன்னொரு வேண்டுகோள் வந்தது. அந்தக் காலத்துச் சீமாட்டிகள் பாவாடைக்குள் வளையக்கூடு கட்டி, அதை அகல விரித்துக்கொண்டு வருவார்கள். கனவான்கள் இடுப்பில் வாள் செருகி வருவார்கள். இரண்டையும் வீட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். இடம் மிச்சமானால் இன்னும் பலர் அமரலாம், தர்மத்துக்கு இன்னும் பணம் சேரும் என்று காரணத்தையும் சேர்த்தே சொன்னார்கள். ஏப்ரல் 13 அன்று நண்பகலில், ஏறத்தாழ 600 பேருக்கான ஃபிஷாம்பிள் தெரு மண்டபத்தில் 700 பேர் அமர்ந்தார்கள். சுமார் 400 பவுண்டு சேர்ந்தது. வருகிறவரிடம் ஒன்றைக் கேட்கும்போது, அது எதற்காக என்றும் சொல்லிவிட்டால் மனிதர்கள் தாராளமாக ஒத்துழைப்பார்கள். இந்த 280 ஆண்டுகளில் அது மாறிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே முதலில் பணத்தைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் பேசுங்கள். ‘நல்ல காரியத்துக்காக’ என்பது போதாது. எந்த அமைப்புக்கு, என்ன செலவுக்கு? மண்டப வாடகை, மைக் செட், அச்சுக்கூலி போக மிச்சம்தான் போகிறதா, அல்லது அந்தச் செலவை வேறொருவர் ஏற்றுக்கொண்டு டிக்கெட் பணம் முழுவதும் போய்ச்சேருகிறதா? நீங்களே பொறுப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அழையுங்கள். டோனர் பாஸ், சாதா டிக்கெட் என்று இரண்டு இருந்தால் இரண்டின் விலையையும் சொல்லுங்கள். குறைந்த விலையை மறைத்துப் பெரிய தொகையை மட்டும் காட்டுவது நட்புக்கு நல்லதல்ல. வரிச்சலுகை ரசீது கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ரசீது கொடுக்கவேண்டியவர்களிடம் உறுதி செய்துகொண்டு பிறகு சொல்லலாம்.

பாட்டைப் பற்றி என்ன சொல்வது? பெரும்பாலான அழைப்புகள் இந்த இடத்தில் ஊமையாகிவிடுகின்றன. நிதி எதற்கு என்று விரிவாக எழுதுகிறவர்கள், என்ன பாடப்போகிறார்கள் என்பதை ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்திருக்கிறீர்கள். அதைக் கேட்கத்தானே நண்பரைக் கூப்பிடுகிறீர்கள்?

சேர்ந்திசை நமக்குப் புதிதும் அல்ல. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-இல் தொடங்கியது. இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் (1925–1988) பாரதியார் பாடல்களைப் பல குரல்களுக்குப் பிரித்து அமைத்து, மெட்ராஸ் யூத் கொயர் மூலம் பாடவைத்தார். இருந்தாலும் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு ஒரு சின்னக் குறிப்பு உதவும். கச்சேரியில் ஒரே மெட்டு, எல்லோரும் அதைத் தொடர்கிறார்கள். கொயரில் நான்கு மெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடும்: பெண்குரலில் உயரமானது சொப்ரானோ, தாழ்ந்தது ஆல்டோ, ஆண்குரலில் டெனர், அதற்கும் கீழே பேஸ். நான்கையும் ஒன்றாகப் பிடிக்கப் பார்த்தால் முதல் தடவை குழப்பம்தான் மிஞ்சும். ‘நான் ஆல்டோ, இடப்பக்கத்திலிருந்து வரும் குரலை மட்டும் கொஞ்ச நேரம் பின்தொடருங்கள்’ என்று சொல்லிவையுங்கள். ஒரு குரலைப் பிடித்துவிட்டால் மற்றவை தாமாகவே பிரிந்து கேட்கத் தொடங்கும்.

‘மேசியா’வில் வரும் அல்லேலூயாவையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நான்கு குரல்களும் சேர்ந்து முழங்கும். பிறகு எல்லோரும் ஒரே மெட்டுக்கு இறங்கி ஒரு வாக்கியம் பாடுவார்கள். அடுத்து முழக்கமும் அந்த வாக்கியமும் ஒன்றின்மேல் ஒன்றாக வரும். இன்னும் சற்று நேரத்தில் சொப்ரானோக்கள் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்து நிற்க, கீழே மற்றவர்கள் அல்லேலூயா சொல்லிக்கொண்டே இருப்பார்கள்; அந்தச் சுரம் படிப்படியாக மேலேறும். கடைசியில் சட்டென்று ஒரு நிசப்தம். முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டத் தோன்றும். இல்லை, நிதானமான ஒரு கடைசி அடி பாக்கி இருக்கிறது. இதை மட்டும் முன்பே சொல்லிவைத்தால், உங்கள் நண்பர் அந்த இடத்துக்காகவே காத்திருந்து கேட்பார். அந்தப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நிற்கும் வழக்கம் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் எழும்போது அவர் திகைக்க வேண்டாம்.

வரிகள் இயேசுவைப் பற்றியவை என்றால் அதையும் மறைக்காதீர்கள். மதம் பார்க்காமல் எல்லோரும் வரலாம், இது ஆராதனை அல்ல, இசை நிகழ்ச்சி என்று சொன்னால் பலருக்கு நிம்மதி. வந்து உட்கார்ந்தபின் தெரிந்துகொள்வது யாருக்கும் பிடிக்காது. நேரமும் அப்படித்தான்: ‘மேசியா’ முழுவதும் பாட ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும், டிசம்பரில் பல குழுக்கள் முதல் பாகத்தையும் அல்லேலூயாவையும் மட்டும் பாடுவார்கள். உங்களுடையது எது என்று எழுதுங்கள். அரங்கில் எப்படி இருப்பது என்றும் சொல்லிவையுங்கள். சபாக்களில் தொடையில் தாளம் போடலாம், நடுவில் எழுந்து காபி குடிக்கப் போகலாம். இங்கே குரல்கள் பெரும்பாலும் மைக் இல்லாமல் வருவதால், நாற்காலி நகரும் சத்தம்கூடக் கேட்கும்; பாட்டு நடக்கும்போது கதவையும் சாத்திவிடுவார்கள்.

சீட்டுக் கணக்கில் கவனம் வேண்டும். 1750 மே 1 அன்று லண்டனில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்துக்காக இதே ‘மேசியா’வை ஹாண்டல் நடத்தியபோது, டிக்கெட் வைத்திருந்தவர்களிலேயே பலர் இடமில்லாமல் திரும்பிப் போகவேண்டியதாயிற்று. அவர்களுக்காக அதே மாதம் 15-ஆம் தேதி மறுபடியும் பாடினார்கள். நம்மால் அப்படி இன்னொரு நாள் வைக்க முடியாது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டரைப் போட்டுவிட்டு இருந்தால் யாரும் தன்னை அழைத்ததாக நினைக்கமாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக, நீங்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதுங்கள். இப்படி:

‘அக்கா, வர்ற சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க கொயர் பாடுது, நானும் பாடுறேன். ஒன்றரை மணி நேரம்தான். பாட்டெல்லாம் இங்கிலீஷ்ல, கிறிஸ்துமஸ் பாட்டு. டிக்கெட் இருநூறு ரூபா. மண்டபச் செலவு போக மிச்சம் முழுக்க டயாலிசிஸ் செஞ்சுக்கிறவங்களுக்குப் போகுது. வந்தீங்கன்னா ரெண்டு சீட் எடுத்து வைக்கிறேன், வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க. முடியலேன்னாலும் பரவாயில்ல, அடுத்த தடவை பார்த்துக்கலாம்.’

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வரமுடியாது என்று சொல்ல வழி இருந்தால்தான் வருகிறவர் மனதார வருவார். வராதவரிடம் ‘சரி, பணமாவது அனுப்புங்கள்’ என்று உடனே கேட்கவும் வேண்டாம். அவராகக் கேட்டால் விவரம் கொடுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் இன்னொரு செய்தி பாக்கி இருக்கிறது. டப்ளினில் சேர்ந்த தொகையை மூன்று சம பங்காகப் பிரித்தார்கள். கடனைத் திருப்பித் தர முடியாதவர்களைச் சிறையில் அடைத்துவைக்கும் காலம் அது. சிறைக் கைதிகளுக்கான பங்கைக் கொண்டு கடனை அடைத்து 142 பேரை வெளியே கொண்டுவந்தார்கள். உங்கள் நிகழ்ச்சியில் எவ்வளவு சேர்ந்தது, செலவு எவ்வளவு, மிச்சம் எங்கே போய்ச்சேர்ந்தது என்று வந்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் எழுதுங்கள். வருவதாகச் சொல்லி வரமுடியாமல் போனவர்களுக்கும் அதையே அனுப்புங்கள்.