கணினிச் சித்திர வேலையும் கோப்புக் காவலும்

கோயிற் திருவிழா அறிவித்தல், மணவோலை, தேயிலைப் பொதியின் மேலுறை, பாடசாலை மலர் ஆகிய யாவும் இந்நாளிற் கணினியிலேயே உருப்பெறுகின்றன. கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இத்தொழிலை நாடும் இளைஞர் பலர். பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலே 1985 இற் கணினிப் பொறியியற்கெனத் தனித்துறை நிறுவப்பெற்றது. அத்துறைசார்ந்த அறிவு இன்று பாடசாலை வகுப்பறை வரை வந்துள்ளது. ஆயினும் இரண்டு வினாக்கள் மாணவரையும் ஆசிரியரையும் அடிக்கடி மயக்குகின்றன. சித்திர வேலைக்கு எந்தப் பணிசெயல் முறைமை ஏற்றது? பலர் கூடி ஆக்கும் கோப்புகளை எங்ஙனம் காப்பது? இவ்விரண்டையும் இங்கே சுருங்க ஆராய்வோம்.

பணிசெயல் முறைமை என்பது பொறிக்கும் நமக்கும் இடைநின்று, நினைவகம், கோப்பு, அச்சுப்பொறி முதலியவற்றைப் பங்கிட்டு ஆளும் அடிப்படை மென்பொருளாகும். விண்டோஸ், மக், லினக்ஸ் என்னும் மூன்றும் பெருவழக்கின. இவற்றுள் எது சிறந்தது என வாதிடுவது வீண். முதலில் வேலையைத் தீர்மானித்து, அதற்குரிய மென்பொருளை அறிந்து, அதன்பின் முறைமையையும் ஈற்றிற் பொறியையும் தேர்வதே முறை. நம்மவர் பெரும்பாலும் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, பொறியை முதலில் வாங்கிப் பின்னர் இடர்ப்படுகின்றனர்.

அச்சகம் போட்டோஷொப், இன்டிசைன் கோப்புகளையே கேட்குமாயின் விண்டோஸ் அல்லது மக் வேண்டும். அடோபி நிறுவனம் அவற்றை லினக்ஸுக்கென வெளியிடவில்லை. அவற்றுக்குரிய கட்டணமும் சிறிதன்று. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பதிப்புரிமைக் காவல் அளிக்கின்றது. களவாகப் படியெடுத்த மென்பொருளை மாணவர் கையிற் கொடுப்பது கல்வியாகாது.

லினக்ஸ் சித்திர வேலைக்கு உதவாது என்னும் எண்ணம் பிழையானது. 1997 இல் வெளிவந்த டைட்டானிக் திரைப்படத்தின் காட்சிகளை உருவாக்க டிஜிட்டல் டொமைன் நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட அல்பா கணினிகளில் லினக்ஸைப் பயன்படுத்தியது. முப்பரிமாணச் சித்திரத்துக்குரிய பிளெண்டர் என்னும் மென்பொருள், 100,000 யூரோ நன்கொடை திரட்டப்பட்டு 2002 இற் பொதுவுடைமையாக்கப்பட்டது. மூன்று முறைமைகளிலும் அது இயங்கும். லத்வியா என்னும் சிறு நாட்டின் இயக்குநர் ஒருவர் பிளெண்டர் கொண்டு ஆக்கிய ‘புளோ’ என்னும் படம் 2025 இல் ஒஸ்கார் பரிசு பெற்றது. சிறிய நாடு, சிறிய முதல் என்று நாம் சோர்வதற்கு இடமில்லை. பக்க அமைப்புக்குரிய ஸ்கிரைபஸ் மென்பொருளும் 2024 இல் வந்த 1.6 ஆம் பதிப்பிலே தமிழ் ஒருங்குறி எழுத்துகளைச் செவ்வனே கோக்கவல்லது.

பழைய மாணவர் பாடசாலைகளுக்குக் கணினிகளை அன்பளிப்புச் செய்வது நல்வழக்கம். விண்டோஸ் 10 இற்குரிய பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 குறித்த ஒரு பாதுகாப்புச் சில்லை வேண்டுவதாற் பழைய பொறிகள் பல அதற்குத் தகுதியற்றன. அவற்றை ஒதுக்கிவிடாது லினக்ஸ் நிறுவினால், படத் திருத்தம், பக்க அமைப்பு என்பவற்றுக்கு மேலும் சில ஆண்டுகள் பயன்படும். ஆனால் பிளெண்டரின் 4.0 முதலான பதிப்புகள் புதிய வரைகலை அட்டையை வேண்டுவன. வழங்குவோர் இதனையும் கருத்திற் கொள்ளல் நன்று.

இனிக் கோப்புக் காவலை நோக்குவோம். 1969 இல் ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சனும் டெனிஸ் ரிட்சியும் யுனிக்ஸ் முறைமைக்கு வித்திட்டனர். ஒரு கணினியைப் பலர் பகிர்ந்த காலமாதலின் ஒருவர் கோப்பை மற்றவர் கெடாது காக்க வேண்டியதாயிற்று. லினக்ஸும் மக்கும் இன்றும் பின்பற்றும் விதி இதுவே: உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என ஆட்கள் மூவகையினர்; வாசித்தல், எழுதல், இயக்குதல் என அனுமதிகளும் மூவகையின. வாசித்தலுக்கு 4, எழுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என எண்ணிட்டுக் கூட்டுவர். 640 என்றால் உரிமையாளர் வாசிக்கவும் எழுதவும் கூடும், குழுவினர் வாசிக்க மட்டும் கூடும், ஏனையோர்க்கு யாதுமில்லை.

ஸ்ரீ தலதா மாளிகைப் பேழையின் திறவுகோல்கள் மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்கர் இருவரிடமும் தியவதன நிலமேயிடமும் இருப்பதைக் கண்டியார் அறிவர். அங்கே மூவரும் கூடினாலன்றிப் பேழை திறவாது. யுனிக்ஸ் விதியோ வேறு. ஒருவர் எவ்வகையினர் என்பதை முதலிற் கண்டு, அவ்வகைக்குரிய அனுமதியை மட்டுமே அது நோக்கும். ஆதலால் ஏனையோர்க்கு வாசிக்க இடந்தந்து, உரிமையாளருக்கு மறுத்திருந்தால், உரிமையாளரே வெளியில் நிற்க நேரும்.

பலர் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அக்கோப்பின் அனுமதியில் இல்லை. அதனைத் தாங்கும் கோப்புறையின் அனுமதியிலேயே உள்ளது. கோப்புறையில் எழுத இடமிருப்பின், வாசிக்க மட்டும் விடப்பட்ட கோப்பையும் ஒருவர் அழித்துவிடலாம். தடங்கல் நேர்ந்தவுடன் யாவற்றுக்கும் 777 இடுவோர், வீட்டின் எல்லாக் கதவுகளையும் திறந்துவைப்போரை ஒப்பர்.

மலர் ஒன்றைத் தயாரிக்கும் குழுவுக்கு மூன்று கோப்புறைகள் போதும். மூலப் புகைப்படங்களைப் பொறுப்பாளர் ஒருவரின் உரிமையில் 750 ஆக வைத்து, உள்ளிருக்கும் படங்களுக்கு 640 இடுக. அப்போது குழுவினர் படியெடுப்பர்; அழிக்க இயலாது. வேலைக் கோப்புறைக்கு 2770 இடுக. முன்னிற்கும் 2 என்னும் எண்ணாற் புதிய கோப்புகள் யாவும் குழுவின் பெயரிலேயே பதியும். குழுவினர் அவற்றைத் திருத்துவதற்குப் பயனர் கணக்கின் யூமாஸ்க் என்னும் மதிப்பு 007 ஆக இருத்தல் வேண்டும். ஆக்கங்களை ஒப்படைக்கும் கோப்புறைக்கு 3770 இட்டால், தத்தம் கோப்பை இட்டவரும் கோப்புறையின் உரிமையாளருமன்றி வேறு குழுவினர் அதனை அழித்தல் இயலாது. விண்டோஸில் இவ்வெண்கள் இல்லை. ஒவ்வொருவர்க்கும் குழுவுக்கும் தனித்தனி அனுமதிப் பட்டியல் அமைக்கப்படும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பென் டிரைவ்கள் பெரும்பாலும் இவ்வனுமதிகளைப் பதிந்துகொள்ளா. எனவே அவற்றின் வழியே கோப்புகளைக் கொண்டுசென்றால் மீள அமைத்தல் வேண்டும். ஆங்கிலப் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் லினக்ஸ் வேறாகக் கொள்ளும். விண்டோஸ் பொதுவாக ஒன்றாகவே கொள்ளும். பக்கத்தில் இணைத்த படங்கள் மறைவதற்கு இது ஒரு காரணம். கோப்புகளுக்குச் சிற்றெழுத்திலேயே பெயரிடுக.

காவல் எத்துணைச் சீரியதாயினும், வட்டு பழுதுற்றால் அது உதவாது. ஆதலால் மூலப் படங்களின் இன்னொரு படி வேறோர் இடத்தில் இருத்தல் இன்றியமையாதது. ஒரு மலரிலே இடம்பெறும் ஆசிரியர் முகங்களும், மைதானக் காட்சிகளும், மறைந்தோர் படங்களும் மீண்டும் எடுக்கக் கிடையாதவை. அடுத்த விழா மலரை ஆக்கப்போகும் மாணவர் அவற்றைப் பழுதின்றிப் பெறுதல் வேண்டும். அதற்கான ஒழுங்கை இன்றே வகுத்துவைப்பது நம் கடனாகும்.