உஷார்! அந்த டியூபைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டில் பருவோடு மல்லுக்கட்டும் பிள்ளை இருக்கிறதா? இன்று ராத்திரியே அதன் அலமாரியைத் திறந்து பாருங்கள். முகத்துக்குப் போடும் டியூபின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூவோசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் எழுதிக்கொடுத்து, அவர் சொன்ன நோய்க்கு, சொன்ன நாள்வரை போட்டால் நல்ல மருந்துதான். அவரைக் கேட்காமல் பருவுக்குப் போட்டால் வில்லங்கம்.

வில்லங்கமே அது முதலில் வேலை செய்வதில்தான் இருக்கிறது. சில நாளிலேயே சிவப்பு அடங்கும், முகம் வெளுக்கும், பக்கத்து வீட்டு அக்கா "என்னடி போடுற?" என்று கேட்பார். சில மாதம் போனால் தோல் மெலியும், கன்னத்தில் நரம்பு நரம்பாகச் சிவப்புக் கோடு தெரியும், பெண் பிள்ளைக்கு முகத்தில் முடி முளைக்கும், பழைய பரு கூட்டாளிகளோடு திரும்பிவரும். நிறுத்தினால் முகம் எரியும்; எரிகிறதே என்று மறுபடி போடுவார்கள். இந்தக் கூத்தைப் பார்த்துத்தான் 2018-ல் மத்திய அரசு 14 பூச்சு ஸ்டீராய்டுகளை, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை ஹெச்-ல் சேர்த்தது. ஆனாலும் கடலூர் மஞ்சக்குப்பமோ சிதம்பரம் கீழவீதியோ, மருந்துக்கடையில் "பருவுக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்று கேட்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

இதைவிட என்னைப் பதறவைப்பது இன்னொன்று. "எனக்கும் பரு இருந்தது. இப்போ பாருங்க என் முகத்தை. நானே செய்த க்ரீம்" என்று போனில் வரும் விற்பனை. லேபிள் இல்லாத வெள்ளை டப்பா, கூரியரில் வீட்டுக்கே வந்துவிடும். உள்ளே என்ன என்று விற்பவருக்கே தெரியாது. பல நேரம் மொத்தமாக வாங்கி டப்பா மாற்றுகிறார்கள். 2023-ல் கேரளத்தின் மலப்புரத்தில் சிறுநீரகம் பழுதாகி வந்தவர்களை விசாரித்த டாக்டர்கள், அவர்களில் பலர் முகத்தை வெளுக்க வைக்கும் க்ரீம் பூசியதைக் கண்டுபிடித்தார்கள். காரணம், க்ரீமில் இருந்த பாதரசம். பூசியது முகத்தில், போனது சிறுநீரகம்.

பருவில் வாடியவருக்கு அதையே தொழிலாக்கும் ஆசை வருவதை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃபுல்டன் என்று ஒருவர். பதின்ம வயதில் கடும் பருவால் அவதிப்பட்டவர். அவர் டப்பாவில் க்ரீம் அடைக்கவில்லை, மருத்துவம் படித்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் க்ளிக்மனோடு உழைத்து, வைட்டமின் ஏ அமிலம் பருவைக் குறைக்கும் என்று 1969-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இன்று டாக்டர்கள் எழுதும் ட்ரெட்டினாயின் அதுதான். (க்ளிக்மன் புனிதரல்ல, ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் அவர் செய்த சோதனைகள் பெரிய களங்கம்.) இதே க்ளிக்மன் 1975-ல் ட்ரெட்டினாயினோடு ஹைட்ரோகுயினோனும் ஒரு ஸ்டீராய்டும் கலந்து, கரும்படலத்துக்கு ஒரு சூத்திரம் சொன்னார். அதன் வாரிசுகளைத்தான் நம் ஊரில் 'சிவப்பழகு க்ரீம்' என்று நினைத்துப் பூசுகிறார்கள்.

கடலூர்க்காரர்களுக்கு இந்தத் தொழில் ஆசை கூடுதலாகவே இருக்கும். சாஷே பாக்கெட்டுக்குப் பேர்போன சின்னி கிருஷ்ணன் வாழ்ந்த ஊர். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியே இறங்கி, அப்பா பெயரின் எழுத்துகளை வைத்து 'சிக்' ஷாம்பு போட்ட கதையைச் சொல்லித்தான் இங்கே பிள்ளைகளை வளர்க்கிறோம். ஆனால் 15,000-ஐ மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, அவர் வேதியியல் படித்தவர் என்பதை விட்டுவிடுகிறோம்.

பருவோடு போராடி, அதையே தொழிலாக்க நினைக்கும் தங்கச்சி, உனக்கு நிஜமாகவே அந்த ஆசை இருந்தால் வழி பக்கத்திலேயே இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலையில் பி.ஃபார்ம் படிக்கலாம். டாக்டராக வேண்டுமென்றால் எம்.பி.பி.எஸ்., அதன்மேல் தோல் எம்.டி. மூன்று வருஷம். வார இறுதியில் நடக்கும் 'காஸ்மெட்டாலஜி' சான்றிதழ் டாக்டர் பட்டமாகாது. க்ரீம் செய்து விற்க 2020 அழகுப்பொருள் விதிப்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். வீட்டு அடுப்படியில் கிண்டினாலும் வேண்டும். "பரு குணமாகும்" என்று லேபிளில் போட்டால் அது அழகுப்பொருள் கணக்கிலேயே வராது, மருந்துச் சட்டத்துக்குள் போய்விடும்.

ஏற்கெனவே ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்த கையோடு டியூபைக் குப்பையில் எறிய வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் முகம் கொந்தளிக்கும். டியூபோ டப்பாவோ, அதையே பையில் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரித் தோல் பிரிவுக்குப் போங்கள். எத்தனை மாதமாகப் பூசுகிறீர்கள் என்று டாக்டர் கேட்பார். கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள்.